கணக்கு இல்லாமல் எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரிக்குப் போகிறவர்களுக்கு: குவாண்டம் தாளில் போன என் ஒரு வருடம்

எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி சேரப் போகிறவர்கள், அதிலும் டிகிரியில் கணக்கு இல்லாமல் வந்தவர்கள், முதல் செமஸ்டர் வகுப்பு தொடங்கும் முன்னால் இதைப் படித்துவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். குவாண்டம் தியரியும், ஒளியை வைத்து மூலக்கூறுகளைப் படிக்கும் ஸ்பெக்ட்ராஸ்கோபியும் என்னிடமிருந்து ஒரு வருடத்தையும், வீட்டில் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தையும் எடுத்துக்கொண்டன. அந்த ஒரு வருடத்தில் நான் தெரிந்துகொண்டதில் ரகசியம் எதுவுமில்லை. கோடை விடுமுறையில் யாராவது ஒருவர் என்னை உட்காரவைத்து அரை மணி நேரம் சொல்லியிருந்தால் போதும். அப்படிச் சொல்ல ஆள் இல்லை. எங்கள் தெருவில் எம்.எஸ்சி. வரை போன முதல் ஆள் நான்.

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் வீட்டிலும் கடையிலும் தோப்பிலும் தமிழ்தான். பத்தாவது வரை தமிழ் மீடியம். டிகிரிக்கு எல்லை தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கல்லூரிக்குப் போனேன், பஸ்ஸுக்குச் சுலபம் என்பதால். அங்கே கெமிஸ்ட்ரிக்குத் துணைப்பாடமாகக் கிடைத்தது இயற்பியலும் விலங்கியலும். கணக்கு கிடையாது. பிளஸ் டூவில் படித்த கால்குலஸ் மூன்று வருடத்தில் சுத்தமாக மறந்துவிட்டது, அதைத் திரும்பக் கேட்பார்கள் என்று எந்த வாத்தியாரும் சொல்லவில்லை. ஆர்கானிக்கில் எனக்கு நல்ல மார்க். லேபில் என் கை சுத்தம் என்று பெயர். அந்த நம்பிக்கையோடுதான் கேரளத்தில் எம்.எஸ்சி. சீட் கிடைத்ததும் பெட்டியைக் கட்டினேன்.

முதல் சில வகுப்புகள் நிம்மதியாகப் போயின. 1900-இல் பிளாங்க், 1905-இல் ஐன்ஸ்டீனின் ஒளிமின் விளைவு, 1913-இல் நீல்ஸ் போரின் (Bohr) அணு மாதிரி, இதெல்லாம் பள்ளிக்கூடத்திலேயே கேட்டது. அப்புறம் ஒரு நாள் ஆபரேட்டர் என்று தொடங்கியது. ஹெர்மிஷியன், கம்யூட்டேட்டர், ஐகன் ஃபங்ஷன் என்று பலகை நிரம்பிக்கொண்டே போனது. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியவில்லை. 'இதைச் சுலபமாகக் காட்டிவிடலாம்' என்று சொல்லிவிட்டு ஆசிரியர் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் டிகிரியில் கணக்கைத் துணைப்பாடமாகப் படித்தவர்கள், தலையாட்டினார்கள். சந்தேகத்தை மலையாளத்தில் கேட்டால் உச்சரிப்பு தடுமாறும், இங்கிலீஷில் கேட்டால் கேள்வியே தடுமாறும். அதனால் வாயைத் திறக்கவில்லை. ராத்திரி ஹாஸ்டலில் அன்றைய நோட்டைத் திறந்தால் நெஞ்சு படபடக்கும். எனக்கு மூளை போதாது என்று முடிவே கட்டிவிட்டேன். சனிக்கிழமை ஊருக்குப் போனால் அப்பா, 'என்ன கண்ணு, பாடமெல்லாம் எப்படிப் போகுது?' என்பார். 'நல்லாப் போகுதுங்கப்பா' என்பேன். அந்தப் பொய்தான் எல்லாவற்றையும் விட வலித்தது.

பரீட்சைக்கு டெரிவேஷன்களை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். தோற்றேன். அந்தத் தாளை அடுத்த பேட்ச்சோடு சேர்ந்துதான் திரும்ப எழுத முடியும் என்பது ரிசல்ட் வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஒரு தாளுக்காக ஒரு வருடம். நீங்கள் சேர்ந்த வாரமே ஆபீசில் கேட்டுவிடுங்கள், சப்ளிமெண்டரி தனியாக உண்டா, ஜூனியர்களோடுதானா என்று. பதில் தெரிந்திருந்தால் முதல் தடவையே எவ்வளவு உழைக்க வேண்டும் என்பது தெரியும். இன்னொன்று, தோற்றால் விடைத்தாள் நகலுக்குக் கட்டணம் கட்டி வாங்கிப் பாருங்கள். ஒரு செமஸ்டருக்கும் மேல் தள்ளிப்போட்டு, பயத்தை அடக்கிக்கொண்டு நான் வாங்கிப் பார்த்தபோது ஆச்சரியமாக இருந்தது. மனப்பாடம் செய்த டெரிவேஷன்களுக்கு ஓரளவு மார்க் விழுந்திருந்தது. எண் போட்டுச் செய்யும் கணக்குகளில்தான் மொத்தமும் போயிருந்தது. அதாவது எனக்குப் புரியாமல் போனது தத்துவம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், பரீட்சை என்னைத் தோற்கடித்த இடம் வேறு.

ஆனால் நகலைப் பார்க்கும் முன்பே பணம் போய்விட்டது. ரிசல்ட் வந்த பதற்றத்தில் ஒரு டியூஷன் சென்டரில் சேர்ந்தேன். நெட் (NET) தேர்வுக் கோச்சிங்கும் செமஸ்டர் தாளும் சேர்த்துச் சொல்லித்தருவதாகப் பேச்சு. கட்டணம் 14,000 ரூபாய். அம்மா சீட்டு எடுத்த பணம் அது, வீட்டுக் கூரை ஓடு மாற்ற வைத்திருந்தது. அங்கே கொடுத்தது அச்சடித்த சூத்திரத் தொகுப்பு, பழைய கேள்விகளுக்கு விடை எழுத்துகள் மட்டும். கேள்வி கேட்டால், 'இது இப்படித்தான், பரீட்சையில் இப்படித்தான் வரும்' என்று முடித்துவிடுவார்கள். பாதியில் நின்றேன், பணம் திரும்பி வரவில்லை. டியூஷனே கூடாது என்று நான் சொல்லவில்லை. பணம் கட்டும் முன் ஒரு வகுப்பில் உட்கார்ந்து பாருங்கள். ஒரு கணக்கை முதல் வரியிலிருந்து அலகுகளோடு கடைசி எண் வரை பலகையில் போட்டுக் காட்டுகிறார்களா என்று மட்டும் கவனியுங்கள். அதைச் செய்யாத இடத்தில் ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம். ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் என்.பி.டெல் (NPTEL) வீடியோ பாடங்கள் முழுக்க இலவசமாகக் கிடைக்கின்றன. வேகம் அதிகமாகத் தெரிந்தால் நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். காசு கட்டிச் சேர்ந்த இடத்தில் அப்படி நிறுத்தச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

என் நிலைமை மாறியது எங்கள் டிபார்ட்மெண்டில் பிஎச்.டி. செய்துகொண்டிருந்த ஒரு சேச்சியால். லேபில் தனியாக உட்கார்ந்திருந்த என்னிடம் வந்து என்ன ஆச்சு என்று கேட்டார். 'சேச்சி, எனக்கு ஷ்ரோடிங்கர் சமன்பாடே புரியல' என்றேன். 'அதை இப்போ மூடி வை மோளே, முதலில் இதைப் பாரு' என்று ஒரு தாளை எடுத்து நாலு கோடு போட்டார். கார்பன் மோனாக்சைடு வாயுவின் மைக்ரோவேவ் நிறமாலை அது. கோடுகள் 3.84, 7.69, 11.53, 15.38 செ.மீ⁻¹ (ஒரு சென்டிமீட்டரில் எத்தனை அலை என்ற அளவு) என்று எழுதினார். 'நடுவில் எவ்வளவு இடைவெளி?' என்றார். எல்லா இடத்திலும் ஏறக்குறைய 3.84. 'ஏன் சமமாக இருக்கு?' அதற்கு என்னிடம் பதில் இல்லை. சுழலும் மூலக்கூறின் ஆற்றல் பி பெருக்கல் ஜே(ஜே+1) என்ற சூத்திரம் எனக்கு மனப்பாடம். பி (B) என்பது அந்த மூலக்கூறின் சுழற்சி மாறிலி, ஜே (J) சுழற்சி மட்டத்தின் எண். ஜே-க்கு 0, 1, 2, 3, 4 என்று போட்டால் 0, 2பி, 6பி, 12பி, 20பி. அடுத்தடுத்த மட்டங்களின் வித்தியாசம் 2பி, 4பி, 6பி, 8பி. அதுதான் அந்த நாலு கோடு. இடைவெளி எப்போதும் 2பி. இவ்வளவுதான் விஷயம். நான் பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்தது ஒரு கருவி அளந்து தந்த நாலு எண்ணை விளக்குவதற்காக என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

சேச்சி அங்கே நிறுத்தவில்லை. இடைவெளியில் பாதி 1.92, அதுதான் பி. பிளாங்க் மாறிலியை, 8 பை (π) ஸ்கொயர், ஒளியின் வேகம், பி மூன்றின் பெருக்கலால் வகுக்கச் சொன்னார். நிலைமத் திருப்புத்திறன் 1.46 × 10⁻⁴⁶ கிலோகிராம் மீட்டர் ஸ்கொயர் வந்தது. கார்பன், ஆக்சிஜன் இரண்டின் ரெட்யூஸ்டு மாஸ் (நிறைகளின் பெருக்கலைக் கூட்டலால் வகுத்தது) 1.14 × 10⁻²⁶ கிலோகிராம். முன்னதைப் பின்னதால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 1.13 × 10⁻¹⁰ மீட்டர், அதாவது 1.13 ஆங்ஸ்ட்ராம். கண்ணால் பார்க்கவே முடியாத இரண்டு அணுக்களுக்கு நடுவில் உள்ள தூரத்தை ஒரு கால்குலேட்டரை வைத்து நானே கண்டுபிடித்திருக்கிறேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த 3.84 என்ற முதல் கோடு 115 கிகாஹெர்ட்ஸில் வருகிறது, அதைப் பிடித்துத்தான் வானியலாளர்கள் விண்மீன்களுக்கு நடுவில் இருக்கும் வாயு மேகங்களை வரைபடம் போடுகிறார்கள் என்று அப்புறம் படித்தேன். 1970-இல் ஓரியன் மேகத்தில் அதை முதலில் கண்டார்கள். எங்கள் வகுப்பில் இதை யாராவது முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்று இன்றும் ஆதங்கமாக இருக்கிறது.

ஆகவே என் முதல் யோசனை, பாடத்திட்டம் போகிற வரிசையில் போகாதீர்கள். பாடத்திட்டம் ஆபரேட்டரில் தொடங்கி ஸ்பெக்ட்ராவில் முடியும். நீங்கள் ஒரு உண்மையான நிறமாலையை எடுத்து மேஜையில் வைத்துக்கொண்டு, இந்தக் கோடு ஏன் இங்கே வந்தது என்று கேட்டுப் பின்னோக்கிப் போங்கள். ஹைட்ரஜன் விளக்கின் 656, 486, 434 நானோமீட்டர் கோடுகள் டிகிரி பாடத்திலேயே நீங்கள் பார்த்ததுதான். 1885-இல் பால்மர் என்ற பள்ளி ஆசிரியர் அந்த எண்களுக்குள் ஒரு ஒழுங்கைக் கண்டுபிடித்தார். அதற்குக் காரணம் சொல்ல நீல்ஸ் போரின் அணு மாதிரி வரும் வரை, 28 வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. முதலில் கோடு, அப்புறம்தான் சமன்பாடு. நிஸ்ட் கெமிஸ்ட்ரி வெப்புக் (NIST Chemistry WebBook) என்று தேடினால் ஏராளமான சேர்மங்களின் ஐ.ஆர். (அகச்சிவப்பு) நிறமாலையும், இரண்டணு மூலக்கூறுகளின் பி மதிப்பு, அதிர்வெண், பிணைப்பு நீளம் எல்லாமும் காசில்லாமல் கிடைக்கும். ஒரு மூலக்கூறை எடுத்து, பி மதிப்பிலிருந்து பிணைப்பு நீளத்தை நீங்களே கணக்கிட்டு, அங்கே கொடுத்திருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். இதைவிட நல்ல டியூஷன் இல்லை.

இப்போது அலகுகள். என் விடைத்தாளில் மார்க் போனதற்கு முக்கியக் காரணம் இதுதான், வகுப்பில் யாரும் இதற்கென்று ஒரு மணி நேரம் ஒதுக்கவில்லை. குவாண்டம் பாடம் ஜூலில் பேசுகிறது, ஸ்பெக்ட்ராஸ்கோபி செ.மீ⁻¹-இல் பேசுகிறது, ஒளிமின் விளைவு எலக்ட்ரான் வோல்ட்டில், தெர்மோ கிலோஜூல் பெர் மோலில், மைக்ரோவேவ் கிகாஹெர்ட்ஸில். எல்லாம் ஒரே ஆற்றலைத்தான் சொல்கின்றன. ஒரு எலக்ட்ரான் வோல்ட் 8,066 செ.மீ⁻¹. ஒரு கிலோஜூல் பெர் மோல் 83.6 செ.மீ⁻¹. ஒரு செ.மீ⁻¹ ஏறக்குறைய 30 கிகாஹெர்ட்ஸ். அறை வெப்பநிலையில் வெப்ப ஆற்றல் 207 செ.மீ⁻¹. இந்த நாலையும் ஒரு சீட்டில் எழுதிக் கட்டில் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். மேலே சொன்ன கார்பன் மோனாக்சைடு கணக்கில் ஒளி வேகத்தை 2.998 × 10⁸ என்று மீட்டரில் போட்டுவிட்டு பி-யை 1.92 என்று செ.மீ⁻¹-இலேயே விட்டால் விடை 11.3 ஆங்ஸ்ட்ராம் வரும். ஒன்று ஒளி வேகத்தை 2.998 × 10¹⁰ என்று செ.மீ-க்கு மாற்ற வேண்டும், இல்லையென்றால் பி-யை 192 என்று மீட்டருக்கு மாற்ற வேண்டும். இதில் பிடித்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. ஹைட்ரஜன் மூலக்கூறின் பிணைப்பு 0.74 ஆங்ஸ்ட்ராம், அயோடினுடையது 2.67. பரீட்சையில் வரும் இரண்டணு மூலக்கூறுகள் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கும். 11 என்று வந்தால் அலகில் கோளாறு என்று உடனே தெரிந்துவிடும். விடைகளின் நியாயமான அளவு எது என்று தெரிந்துவைத்திருப்பது பத்து சூத்திரத்தை மனப்பாடம் செய்வதைவிடப் பயன்படும்.

அந்த 207 என்ற எண்ணை நான் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் பாதி ஸ்பெக்ட்ராஸ்கோபி அதற்குள் இருக்கிறது. ஹைட்ரஜன் குளோரைடின் அதிர்வு 2,886 செ.மீ⁻¹. அது 207-ஐப் போல் பதினான்கு மடங்கு. அதனால் அறை வெப்பநிலையில் பத்து லட்சம் மூலக்கூறில் ஏறக்குறைய ஒன்றுதான் அடுத்த அதிர்வு மட்டத்தில் இருக்கும், மற்றவை எல்லாம் கீழ் மட்டத்தில். ஆனால் சுழற்சியில் கோடுகளின் இடைவெளியே 20 செ.மீ⁻¹ சுமார்தான், 207-க்கு முன்னால் அது சின்னது. அதனால் மூலக்கூறுகள் பல சுழற்சி மட்டங்களில் பரவிக் கிடக்கும். அதிர்வில் ஒரே ஒரு அடிப்படைப் பட்டையும், அதற்குள் சுழற்சியில் பல கோடுகளும் ஏன் வருகின்றன என்பதற்கு இதுதான் காரணம். இதைப் புரிந்துகொண்ட பிறகு ஹைட்ரஜன் குளோரைடின் ஐ.ஆர். படத்தைப் பார்த்தால் நிறையப் பேசும். நடுவில் ஒரு காலி இடம், அதுதான் இல்லாத க்யூ (Q) கிளை, அதாவது ஜே மாறாமல் வர வேண்டிய கோடுகள். அதற்கு இரண்டு பக்கமும் ஜே ஒன்று குறையும் பி (P) கிளை, ஒன்று கூடும் ஆர் (R) கிளை. ஆர் பக்கம் போகப் போகக் கோடுகள் நெருங்கும், ஏனென்றால் மேல் அதிர்வு மட்டத்தில் பிணைப்பு கொஞ்சம் நீண்டு பி (B) மாறிலி குறைகிறது. நல்ல கருவியில் எடுத்தால் ஒவ்வொரு கோடும் இரண்டாகப் பிளந்திருக்கும், குளோரின்-35, குளோரின்-37 ஐசோடோப்புகள், உயரம் சுமார் மூன்றுக்கு ஒன்று. ஒரே ஒரு படத்தை வைத்து அரைப் பாடத்தையும் முடித்துவிடலாம். இந்தப் படத்தைப் பார்க்காமலே கையால் வரைந்து பழகுங்கள். பரீட்சைக்கு முந்தின வாரம் எனக்கு மிகப் பெரிய துணையாக இருந்தது இதுதான்.

கணக்குக்கு வருகிறேன். ஒரு வருடம் பயந்து கிடந்தேனே, உண்மையில் தேவைப்பட்ட கணக்கு கொஞ்சம்தான். சைன், காஸ், எக்ஸ்பொனென்ஷியல் மூன்றையும் இரண்டு முறை வகையிடத் தெரிய வேண்டும். சைன் ஸ்கொயரைத் தொகையிடவும், பகுதித் தொகையிடலும் தெரிய வேண்டும். கலப்பு எண்ணும் அதன் இணையும், மாறாக் கெழுக்கள் கொண்ட இரண்டாம் வரிசை வகைக்கெழுச் சமன்பாடு ஒன்று, 2-க்கு 2, 3-க்கு 3 அணிக்கோவை. பை எலக்ட்ரான்களின் ஆற்றலைக் காணும் ஹியூக்கல் கணக்குகளுக்கு அந்த அணிக்கோவை போதும். ஹெர்மைட், லெஜாண்டர் பல்லுறுப்புக் கோவைகளை முதல் மூன்று, அவற்றின் வடிவம், எத்தனை இடத்தில் சுழியைத் தொடும் என்பது தெரிந்தால் போதும். அவற்றை முழுதாக வருவிக்க முயன்று முதல் செமஸ்டரில் வாரக்கணக்கில் தொலைந்துபோனேன், அது ஒரு மார்க்குக்கும் உதவவில்லை. எங்களைப் போல எல்லைப் பக்கம் தமிழ் மீடியத்தில் படித்தவர்களுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. தமிழ்நாட்டு அரசின் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் புத்தகங்கள் தமிழிலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளக் கிடைக்கின்றன. பதினொன்றில் வகை நுண்கணிதமும் தொகை நுண்கணிதமும், பன்னிரண்டில் கலப்பு எண்களும் வகைக்கெழுச் சமன்பாடுகளும். நான் அந்த நாலு பகுதியின் எடுத்துக்காட்டுக் கணக்குகளை மட்டும் போட்டேன். அதன் பிறகு வகுப்பில் ஆசிரியர் தாண்டிப்போன வரிகள் எனக்குத் தெரிய ஆரம்பித்தன.

பெட்டிக்குள் துகள் என்ற பாடத்தை மட்டும் முழுதாக, ஒரு வரி விடாமல் வருவித்துப் பாருங்கள். மற்ற எல்லாவற்றுக்கும் அச்சாணி அது. இரண்டு முனையும் கட்டிய கொடிக்கயிற்றைச் சுண்டினால் அது விரும்பியபடியெல்லாம் அதிர முடியாது, முனைகள் அசையாமல் இருக்கும்படியான அலைகள் மட்டும்தான் நிற்கும். எலக்ட்ரானுக்கும் அதே கட்டுப்பாடுதான், ஆற்றல் மட்டங்கள் எண்ணப்படும்படி பிரிந்து நிற்பது அந்த எல்லை நிபந்தனையால்தான். ஆற்றல், மட்டத்தின் வரிசை எண்ணின் (n) வர்க்கத்தைப் பொறுத்துக் கூடும், பெட்டியின் நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்துக் குறையும். மொபைலில் கூகுள் ஷீட்ஸ் இருந்தால் சைன் மதிப்புகளைப் போட்டு முதல் மூன்று அலைச்சார்புகளையும் அவற்றின் வர்க்கங்களையும் வரைந்து பாருங்கள். கணு (அலை சுழியாகும் இடம்) என்றால் என்ன என்று மறக்கவே மறக்காது.

இந்தப் பாடத்தில் எனக்கு ஒரு பெரிய குழப்பம் வந்தது, யாரும் எச்சரிக்காததால் இரண்டு ராத்திரி தூக்கம் போனது. கேரட்டுக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டினை ஒரு பெட்டியாக வைத்துக் கணக்குப் போடச் சொல்வார்கள். 22 கார்பன்கள் வரிசையாக, ஒன்றுவிட்டு ஒன்றாக 11 இரட்டைப் பிணைப்பு, 22 பை (π) எலக்ட்ரான். ஒரு மட்டத்துக்கு இரண்டு என்று நிரப்பினால் 11-ஆவது மட்டம் வரை நிறையும், அடுத்த தாவல் 11-இலிருந்து 12-க்கு. 12-இன் வர்க்கத்திலிருந்து 11-இன் வர்க்கத்தைக் கழித்தால் 23. பெட்டி நீளம் 21 பிணைப்புக்கு 29.4 ஆங்ஸ்ட்ராம். போட்டால் 1,240 நானோமீட்டர் வருகிறது, அகச்சிவப்பில். ஆனால் உண்மையில் அது 450 நானோமீட்டரை ஒட்டி நீல ஒளியை உறிஞ்சுகிறது, அதனால்தான் கேரட் ஆரஞ்சாக இருக்கிறது. நான் எங்கோ தவறிவிட்டேன் என்று நினைத்துத் திரும்பத் திரும்பப் போட்டேன். என் கணக்கு சரிதான், மாதிரிதான் போதவில்லை. ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் நீளத்தில் வேறுபடுவதால் பெட்டியின் தரை சமமாக இல்லை, எளிய கணக்கு அதைக் கண்டுகொள்வதில்லை. பிணைப்புகள் ஏறக்குறைய சமமாக இருக்கும் சயனின் சாயங்களில் இதே கணக்கு அளந்த எண்ணுக்கு மிகவும் கிட்டத்தில் வரும். எந்த மாதிரியைப் படித்தாலும் அது எங்கே பொய்க்கும் என்பதை அதே நோட்டுப் பக்கத்தின் அடியில் எழுதிவையுங்கள். அதிர்வுக்கு ஹார்மோனிக் மாதிரி எடுத்தால் பிணைப்பு உடையவே உடையாது, சுழற்சிக்கு இறுகிய தண்டு எடுத்தால் வேகமாகச் சுழன்றாலும் நீளாது. வைவாவில் இதைத்தான் கேட்கிறார்கள்.

ராமன் பகுதி அதிகம் சிரமம் தரவில்லை. ராமன் விளைவைக் கண்ட 1928 பிப்ரவரி 28-ஐ ஒவ்வொரு கல்லூரியிலும் அறிவியல் தினமாகக் கொண்டாடுகிறோம். திருச்சியில் பிறந்த ராமனும் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனும் கல்கத்தாவில் செய்த வேலை என்பதில் எனக்குத் தனிப் பெருமை உண்டு. ஞாபகம் வைக்க வேண்டியது சுழற்சி ராமனில் தாவல் இரண்டு இரண்டாக நடக்கும், அதனால் முதல் கோடு 6பி-யில், அடுத்தடுத்த இடைவெளி 4பி. நைட்ரஜன் மைக்ரோவேவில் தெரியாது, ராமனில் தெரியும். கார்பன் டை ஆக்சைடின் சமச்சீர் நீட்சி ஐ.ஆர்.-இல் வராது, ராமனில் வரும். ஏன் என்று இருமுனைத் திருப்புத்திறனையும் முனைவுறுதன்மையையும் வைத்து இரண்டு வரி சொல்லத் தெரிந்தால் போதும். மூலக்கூறின் சமச்சீரைப் படிக்கும் குரூப் தியரியில் சி2வி, சி3வி (C2v, C3v) அட்டவணைகளை நீர், அம்மோனியா இரண்டையும் வைத்துப் போட்டுப் பழகிவிட்டால் மற்றவை தானாக வரும்.

ஜூனியர்களோடு அந்தத் தாளை எழுதும் நாள் நெருங்கியபோதுதான் அப்பாவிடம் உண்மையைச் சொன்னேன். தோப்பில் தேங்காய் எண்ணிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு, 'இதுக்கா இத்தனை நாள் மூஞ்சியத் தொங்கப்போட்டுட்டு இருந்த? முன்னாடியே சொல்லியிருந்தா அந்த டியூஷனுக்கு நானும் கூட வந்து கேட்டிருப்பேன்ல' என்றார். அவருக்கு ஷ்ரோடிங்கர் தெரியாது, ஆனால் காசு கொடுக்கும் முன் சரக்கைப் பார்க்க வேண்டும் என்பது நன்றாகத் தெரியும். வீட்டில் சொல்லுங்கள். வகுப்பில் ஒருவரையாவது பிடித்து, 'எனக்கு இந்த வரி புரியல' என்று சொல்லுங்கள். அப்படிச் சொன்ன பிறகுதான் தெரிந்தது, தலையாட்டிக்கொண்டிருந்தவர்களில் பலருக்கும் புரிந்திருக்கவில்லை. நாங்கள் மூன்று பேராகச் சேர்ந்து சாயங்காலம் லைப்ரரியில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம், ஒருவர் போட்டதை இன்னொருவர் அலகு பார்த்துத் திருத்தினோம். நான் தமிழில் விளக்குவேன், அவர்கள் மலையாளத்தில் திருப்பிச் சொல்வார்கள், அதில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். அந்தத் தடவை நல்ல மார்க்கோடு வந்தேன். ஆனால் கூட இருந்தவர்கள் அந்த வருடமே ஆராய்ச்சிக்கும் வேலைக்கும் விண்ணப்பித்தார்கள், எனக்கு ஒரு வருடம் தள்ளிப்போனது. அது திரும்பி வராது.

இதைப் படிக்கும்போது உங்களுக்கு டிகிரி பரீட்சை முடிந்து எம்.எஸ்சி. தொடங்க இன்னும் நாள் இருந்தால், தினமும் ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் அந்தக் கணிதப் பகுதிகள், அப்புறம் அலகு மாற்றங்கள், அதன் பிறகு கார்பன் மோனாக்சைடு கணக்கு, பெட்டிக்குள் துகள், ஹைட்ரஜன் குளோரைடு படம். புரோகிராம் வசதி இல்லாத சாதாரண சயின்டிஃபிக் கால்குலேட்டர் ஒன்று வாங்கி, பத்தின் அடுக்குகளை அதிலேயே போட்டுப் பழகுங்கள், மொபைலில் பழகினால் பரீட்சை ஹாலில் கை தடுமாறும். வகுப்பு தொடங்கும் நாளில் முன் வரிசையில் இடம் பிடித்துக்கொள்ளுங்கள், நிறுத்திக் கேட்க அங்கேதான் வசதி.